இத்தனை கோடி கொட்டி ஒரு துகளைத் தேட வேண்டுமா? நீங்களே எடைபோடுவது எப்படி

துகள் இயற்பியல் பற்றிப் பேச்சு வந்தாலே கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். உலகத்தில் இத்தனை பிரச்சினை இருக்கும்போது பூமிக்கடியில் 27 கி.மீ. வளையம் தோண்டி, கண்ணுக்குத் தெரியாத எதையோ மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்களே என்று ஒரு கட்சி புலம்பும். இன்னொரு கட்சி, "நீ காலையிலிருந்து நோண்டிக்கொண்டிருக்கிற இணையமே அங்கேதான் பிறந்தது, தெரியுமா?" என்று ஒரே போடாகப் போடும். நான் பல வருடம் இந்த இரண்டாவது கட்சியில் இருந்தவன். இப்போது இரண்டிலும் இல்லை. ஏனென்றால் இரண்டு தரப்பும் சோதனையை எடைபோடவே இல்லை. எதிராளியின் வாயை அடைக்க ஆளுக்கொரு வரி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கீழே இருப்பது நான் பின்பற்றும் வழிமுறை. சமன்பாடு எதுவும் வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும். படித்துவிட்டு நீங்கள் ஆதரிக்கவும் செய்யலாம், எதிர்க்கவும் செய்யலாம்.

முதலில் "என்ன பயன்" என்று கேட்காதீர்கள்

அதைக் கேட்க இடம் இருக்கிறது, பிறகு வருவோம். முதலில் கேட்க வேண்டியது: இந்த இயந்திரம் ஓடி முடித்ததும் நிச்சயமாகத் தெரிந்துவிடப்போவது என்ன, தெரியவந்தால் நன்றாயிருக்கும் என்று வெறுமனே ஆசைப்படுவது என்ன? இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிட்சர்லாந்து பிரான்ஸ் எல்லையில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம் நடத்தும் எல்.எச்.சி.யையே, அதாவது லார்ஜ் ஹாட்ரான் கொலைடரையே எடுத்துக்கொள்வோம். புரோட்டான்களை மோதவிடும் அந்த 27 கி.மீ. வளையம்தான் இது. அடிப்படைத் துகள்களுக்கு நிறை எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1964-இல் ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. அந்த விளக்கம் சரியென்றால் ஹிக்ஸ் போசான் என்று ஒரு துகள் இருந்தாக வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஹிக்ஸ் என்று ஒன்று இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதிக ஆற்றலில் சில மோதல்கள் நடப்பதற்கான நிகழ்தகவு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும், அதாவது கணக்கே அபத்தமாகிவிடும். ஆகவே அந்த ஆற்றல் எல்லைக்குள் ஒன்று ஹிக்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையைச் செய்ய வேறு ஏதாவது புதிதாக இருக்க வேண்டும். எல்.எச்.சி. அந்த எல்லையை எட்டும்படிதான் கட்டப்பட்டது. எப்படிப் பார்த்தாலும் வெறுங்கையோடு திரும்ப முடியாத பயணம் அது. 2012 ஜூலை 4 அன்று அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு குழுக்களும் புதிய துகளை அறிவித்தன, அடுத்த வருடமே ஃபிரான்சுவா எங்லேருக்கும் பீட்டர் ஹிக்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே இயந்திரத்தைச் சுற்றி ஆசைகளும் நிறைய இருந்தன. மீச்சமச்சீர் துகள்கள் (தெரிந்த துகள் ஒவ்வொன்றுக்கும் இருக்கலாம் என்று ஒரு கோட்பாடு சொல்லும் ஜோடிகள்) வரிசையாக வந்து விழும், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள் எதனால் ஆனது என்று தெரிந்துவிடும், கூடுதல் பரிமாணங்கள்கூடத் தட்டுப்படலாம் என்றெல்லாம் பேசினார்கள். இதுவரை ஒன்றும் வரவில்லை. இதை வைத்து எல்.எச்.சி. தோற்றுவிட்டது என்று சொன்னால் அது தவறு. ஆனால் அந்த ஆசைகளை உறுதிமொழி மாதிரி மேடையில் பேசியவர்கள் மேல் மக்களுக்குக் கோபம் வந்தால் அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

"ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் ஒரு முடிவுதானே" என்பார்கள். உண்மைதான், 1887-இல் மைக்கல்சனும் மார்லியும், ஒளி பரவுவதற்கான ஊடகம் என்று நம்பப்பட்ட ஈதரைத் தேடி ஒன்றும் கிடைக்காமல் போனதுதான் இயற்பியலைப் புரட்டிப்போட்டது. ஆனால் அது "இருந்தே தீர வேண்டும்" என்று எல்லோரும் நம்பிய ஒன்று இல்லாமல் போன கதை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற நிலையில் தேடப்பட்ட ஒன்று கிடைக்காமல் போவதை அதோடு ஒப்பிட முடியாது. யாராவது இந்த உதாரணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள்.

பணத்தை எண்ணும் வித்தை

செர்ன் ஆய்வகத்தின் ஆண்டுச் செலவு 120 கோடி சுவிஸ் பிராங்குக்கு மேல். அதை 20-க்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகள் தங்கள் பொருளாதார அளவுக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த எண்ணைக் கேட்டதும் இரண்டு தந்திரங்கள் வரும், இரண்டிலும் விழாதீர்கள்.

முதல் தந்திரம், ஆதரவாளர்களுடையது. அந்த நாடுகளின் மக்கள்தொகை ஐம்பது கோடிக்கு மேல், ஆகவே தலைக்கு வருடத்துக்கு இரண்டு சொச்சம் பிராங்குதான், ஒரு காபி விலைகூட இல்லை என்பார்கள். கணக்கு சரி, வாதம் சரியில்லை. ஐம்பது கோடியால் வகுத்தால் எந்தச் செலவும் காபி விலைக்கு வந்துவிடும், வீணான செலவும்கூட. இரண்டாவது தந்திரம், எதிர்ப்பாளர்களுடையது: இந்தப் பணத்தில் இத்தனை மருத்துவமனை கட்டலாமே என்பது. கட்டலாம்தான். ஆனால் சோதனையை நிறுத்தினால் அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

அது எங்கே போகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணமே இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் எஸ்.எஸ்.சி. என்று ஒரு மோதுவியை, அதாவது துகள்களை மோதவிடும் இயந்திரத்தை, கட்டத் தொடங்கினார்கள், 87 கி.மீ. சுற்றளவு, எல்.எச்.சி.யைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 440 கோடி டாலர் என்று ஆரம்பித்த மதிப்பீடு 1,100 கோடியைத் தாண்டிப் போனது. சுமார் 200 கோடி டாலர் செலவழித்து, 20 கி.மீ.க்கும் மேல் சுரங்கமும் தோண்டிய பிறகு, 1993 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் திட்டத்தை ரத்து செய்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, எதிர்த்தவர்களில் இயற்பியலாளர்களும் இருந்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஃபிலிப் ஆண்டர்சன் அவர்களில் ஒருவர், இத்தனை பணம் ஒரே துறைக்குப் போவது மற்ற அறிவியலுக்குக் கெடுதல் என்பது அவர் கட்சி. சரி, ரத்தானதால் மிச்சமான பணம் மற்ற ஆய்வகங்களுக்கு வந்து சேர்ந்ததா? இல்லை, பொதுக் கணக்கில் கரைந்துபோனது.

ஆகவே ஒரு திட்டத்தின் செலவைப் பார்க்கும்போது நான் கேட்பவை கொஞ்சம் சலிப்பான கேள்விகள்: கட்டும் செலவு எவ்வளவு, ஓட்டும் செலவு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, பாதியில் நின்றால் மிஞ்சுவது என்ன, ஏற்கெனவே இருப்பதில் எதைப் பயன்படுத்துகிறார்கள்? கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். எல்.எச்.சி.க்கென்று சுரங்கம் தோண்டவில்லை, 1989 முதல் 2000 வரை அங்கே ஓடிய எல்.இ.பி. என்ற பழைய மோதுவியின் சுரங்கம்தான் அது. புரோட்டான்களைப் படிப்படியாக வேகமேற்றி உள்ளே அனுப்பும் இயந்திரங்களில் ஒன்று 1959-இல் ஓட ஆரம்பித்தது, இன்னும் வேலை செய்கிறது. டெக்சாஸில் எல்லாவற்றையும் வெறும் நிலத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள். முழுவீச்சில் ஓடும் ஒரு வருடத்தில் செர்ன் சுமார் 130 கோடி யூனிட் இழுக்கிறது. 2022-இல் ஐரோப்பாவில் எரிசக்தி நெருக்கடி வந்தபோது அந்த வருட ஓட்டத்தை இரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

இணையத்தைக் காட்டி வாதாடுவதை நிறுத்துங்கள்

இது ஆதரவாளர்களுக்கு. டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் செர்னில் வேலை பார்த்தபோது வலைத்தளங்களுக்கான யோசனையை எழுதினார், 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. (இணையம் அதற்கு முன்பே இருந்தது, அங்கே பிறந்தது அதன் மேல் ஓடும் வலை.) அருமையான கதைதான். ஆனால் அதற்கு மோதுவி எங்கே தேவைப்பட்டது? பல நாட்டு ஆட்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய எந்தப் பெரிய இடத்திலும் அது நடந்திருக்கலாம். கேட்பவர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால், "வலை வேண்டுமென்றால் வலைக்கே நேராகப் பணம் கொடுத்திருக்கலாமே" என்று திருப்பிக் கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது. எனக்கு இருக்கவில்லை.

பயனைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால், துகள் ஆய்வோடு நேரடியாக ஒட்டிய கதைகளை எடுங்கள். எலக்ட்ரானுக்கு எதிர்த்துகள் ஒன்று, அதாவது அதே நிறையும் எதிர் மின்னூட்டமும் கொண்ட துகள், இருக்க வேண்டும் என்பது இயற்பியலாளர் டிராக்கின் சமன்பாட்டிலிருந்து வந்தது. 1932-இல் கார்ல் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களில் அந்தப் பாசிட்ரானைப் பார்த்தார். அப்போது அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. இன்று புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனில் உடம்புக்குள் செலுத்தும் மருந்து வெளியிடுவது அதே பாசிட்ரானைத்தான். அந்த மருந்தில் சேர்க்கும் கதிரியக்க ஃபுளோரின் 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும், கிடங்கில் சேர்த்து வைக்க முடியாது, ஆகவே மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் சைக்ளோட்ரான் என்ற சிறிய முடுக்கியில் (துகள்களை வேகமேற்றும் கருவி) தயாரிக்கிறார்கள். அந்த சைக்ளோட்ரானும் 1930-களில் அணுக்கருவை உடைத்துப் பார்க்க எர்னஸ்ட் லாரன்ஸ் உருவாக்கியதுதான். இன்று உலகம் முழுக்க 30,000-க்கும் மேற்பட்ட முடுக்கிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும். துகள் ஆராய்ச்சிக்கென்று இருப்பவை அதில் சொற்பம்.

இன்னொன்று, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தத்துக்கு, மின்தடையே இல்லாத மீக்கடத்திக் கம்பி வேண்டும். சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபெர்மிலாப் என்ற ஆய்வகம் தன்னுடைய டெவட்ரான் மோதுவிக்காக நையோபியம் டைட்டானியம் கம்பியை டன் கணக்கில் கேட்டதால்தான் அதைப் பெரிய அளவில் செய்யும் தொழில் வளர்ந்தது. அந்தத் தொழிலின் மேல்தான் எம்.ஆர்.ஐ. ஏறி வந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்ளுங்கள்: ஹிக்ஸ் போசானால் ஒரு கருவி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலக்ட்ரானும் பாசிட்ரானும் நம்மைச் சுற்றி நிலைத்து நிற்கவோ எளிதாக உண்டாக்கவோ கூடியவை. ஹிக்ஸ் தோன்றிய கணமே சிதைந்துவிடும், அதை உண்டாக்கவே 27 கி.மீ. இயந்திரம் வேண்டும். பயன் வந்தால் அதைத் தேடுவதற்காகச் செய்த காந்தம், உணர்கருவி, கணினி வலையமைப்பு இவற்றிலிருந்து வரும், துகளிலிருந்து வராது. ஃபெர்மிலாபை நிறுவிய ராபர்ட் வில்சனிடம் 1969-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று, இந்த முடுக்கி நாட்டின் பாதுகாப்புக்கு எப்படி உதவும் என்று கேட்டது. ஒன்றும் உதவாது, இந்த நாட்டைப் பாதுகாக்கத் தகுந்த நாடாக ஆக்குவதற்கு வேண்டுமானால் உதவும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு இதுவரை வந்ததில் நேர்மையான பதில் அதுதான். இல்லாத பயனை அவர் விற்கப் பார்க்கவில்லை.

செய்தியை வாசிக்கும்போது

2011 செப்டம்பரில் ஒளியைவிட வேகமாக நியூட்ரினோ என்ற துகள் பாய்ந்தது என்று செய்தி வந்தபோது நான் பார்த்தவர்களிடமெல்லாம் ஐன்ஸ்டைன் கதை முடிந்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ வரை 730 கி.மீ., ஒளி வர வேண்டிய நேரத்தைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்திருக்கிறது என்றது ஓபெரா குழு. சில மாதங்களில் காரணம் தெரிந்தது. ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகச் செருகப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்றுவரை அதை மறக்கவில்லை. அந்தக் குழுவுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: தவறு எங்கே என்று தெரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்றுதான் அவர்கள் வெளியிட்டார்கள். அந்த வரியைத் தலைப்புகளும் நானும் சேர்ந்து முழுங்கிவிட்டோம்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டது, முதலில் சிக்மாவைத் தேடுவது, அதாவது முடிவு தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் அளவை. இந்தத் துறையில் மூன்று சிக்மா வந்தால் ஆதாரம் என்பார்கள், ஐந்து சிக்மா வந்தால்தான் கண்டுபிடிப்பு. ஐந்து சிக்மா என்றால், புதிதாக எதுவுமே இல்லாவிட்டாலும் தற்செயலாகத் தரவு வரைபடத்தில் இப்படி ஒரு மேடு தோன்ற சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று அர்த்தம். இத்தனை கண்டிப்பு எதற்கு என்றால், ஆயிரம் இடத்தில் தேடினால் எங்காவது ஒரு மேடு தானாகவே தெரியும். 2015 டிசம்பரில் எல்.எச்.சி.யின் இரண்டு குழுக்களுக்குமே 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அளவின் பக்கம் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அதை விளக்க நூற்றுக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகள் எழுதித் தள்ளினார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தது, மேடு காணாமல் போனது.

ஆனால் சிக்மாவை மட்டும் நம்பினாலும் ஏமாறுவீர்கள். ஓபெராவின் நியூட்ரினோ முடிவு ஆறு சிக்மா! சிக்மா கணக்கு, குழுவுக்குத் தெரிந்த பிழைகளை மட்டும்தான் சேர்க்கும், செருகாத கேபிள் அதில் வராது. 2022-இல் டெவட்ரானின் பழைய தரவை வைத்து சி.டி.எஃப். குழு டபிள்யூ போசான் என்ற துகளின் நிறையை அளந்து, எதிர்பார்த்ததைவிட ஏழு சிக்மா தள்ளி நிற்கிறது என்று அறிவித்தது. 2024-இல் அட்லஸும் சி.எம்.எஸ்.ஸும் தனித்தனியாகச் சொன்ன அளவுகள் பழைய கோட்பாட்டோடு பொருந்தின. ஆகவே வேறொரு குழு, வேறொரு கருவி அதையே பார்த்ததா என்பதுதான் நீங்கள் செய்தியில் முக்கியமாகத் தேட வேண்டியது. எல்.எச்.சி.யில் ஒரே வேலைக்கு அட்லஸ், சி.எம்.எஸ். என்று இரண்டு பிரம்மாண்டக் கருவிகள் எதற்கு, ஒன்றை மிச்சப்படுத்தியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

சில சமயம் சோதனை அசையாது, கோட்பாடு நகரும். 2021-இல் ஃபெர்மிலாப், எலக்ட்ரானின் கனமான உறவுத் துகளான மியுவானின் காந்தத் தன்மையை அளந்தபோது கோட்பாட்டுக்கும் அளவுக்கும் 4.2 சிக்மா இடைவெளி, தெரிந்த நான்கு விசைகளைத் தாண்டி "ஐந்தாவது விசை" என்று தலைப்புகள் பறந்தன. 2025-இல் இறுதி அளவு வந்தபோது பழைய அளவு அப்படியே உறுதியானது. ஆனால் அதற்குள் கோட்பாட்டுக் கணக்கையே வேறு முறையில் போட்டுப் பார்த்ததில் இடைவெளி மூடிவிட்டது.

பயப்படுகிறவரைக் கேலி செய்யாமல் பேசுவது

2008 செப்டம்பர் 10 அன்று எல்.எச்.சி. முதன்முதலாக ஓடியபோது பூமியைக் கருந்துளை விழுங்கிவிடும் என்று பலர் உண்மையாகவே பயந்தார்கள், அமெரிக்காவில் வழக்குக்கூடப் போட்டார்கள். "அறிவியல் தெரியாதவர்கள்" என்று தள்ளிவிட்டால் அந்தப் பயம் போகாது. எல்.எச்.சி.யில் மோதும் இரண்டு புரோட்டான்களின் மொத்த ஆற்றல் ஒரு டஜன் கொசுக்கள் பறக்கும் ஆற்றலுக்குப் பக்கம்தான், அது மிக மிகச் சிறிய இடத்தில் குவிந்திருப்பதுதான் விசேஷம். அதைவிட ஆற்றல் மிக்க மோதல்களை வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் கோடிக்கணக்கான வருடங்களாக நடத்திக்கொண்டிருக்கின்றன. கூர்மையான ஆள் ஒருவர், "காஸ்மிக் கதிரில் உண்டாவது வேகமாகப் பூமியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடலாம், இங்கே உண்டாவது தங்கிவிட்டால்?" என்று மடக்கலாம். நல்ல கேள்வி. வெள்ளைக் குறு விண்மீன்களும் நியூட்ரான் விண்மீன்களும் அப்படி வருவதைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அடர்த்தியானவை, அவையும் அதே கதிர்களை வாங்கிக்கொண்டு இன்னும் அப்படியே இருக்கின்றன.

அந்த முதல் ஓட்டத்துக்கு ஒன்பது நாள் கழித்து நிஜமாகவே ஒரு விபத்து நடந்தது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே பற்றவைப்பு சரியில்லாத ஒரு மின்இணைப்பு பொசுங்கி, திரவ ஹீலியம் பீறிட்டு, 50-க்கும் மேற்பட்ட காந்தங்களைக் கழற்றி மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு வருடத்துக்கு மேல் வேலை நின்றது. மக்கள் பயந்தது கருந்துளைக்கு, வந்து அடித்தது சாதாரண ஒட்டு வேலை.

"கடவுள் துகள்" என்ற பெயரைப் பயன்படுத்தாதீர்கள். லியோன் லெடர்மன் 1993-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்தது அது, ஹிக்ஸுக்கும் கடவுளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பீட்டர் ஹிக்ஸுக்கே அந்தப் பெயர் பிடித்ததில்லை. செர்ன் வளாகத்தில் இருக்கும் நடராஜர் சிலையும் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. விஞ்ஞானிகள் சிவனை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று ஒரு பக்கம், அங்கே ரகசிய பூஜை நடக்கிறது என்று இன்னொரு பக்கம். அது 2004-இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு.

அடுத்து வரப்போகும் சண்டைக்கு

எஃப்.சி.சி. என்ற பெயரை இனி அடிக்கடி கேட்பீர்கள். செர்ன் திட்டமிடும் 91 கி.மீ. வளையம், முதல் கட்டத்துக்கு மட்டும் சுமார் 1,500 கோடி சுவிஸ் பிராங்க். முதல் கட்டம் 2040-களின் பின்பகுதியில் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிடும், புரோட்டான் மோதும் இரண்டாம் கட்டம் 2070-களில். மேலே சொன்ன முதல் கேள்வியை இதில் போட்டுப் பாருங்கள். நிச்சயம் கிடைப்பது, ஹிக்ஸின் குணங்களை இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு துல்லியமாக அளப்பது. புதிய துகள் வருமா என்பது ஆசைக் கணக்கில்தான் வரும், ஹிக்ஸுக்கு இருந்தது போன்ற உத்தரவாதம் இந்த முறை இல்லை. துல்லியமான அளவே போதும் என்று நினைக்கும் இயற்பியலாளர்கள் நிறைய, அதே பணத்தில் சிறிய சோதனைகள் பல செய்யலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அறிவியலுக்கு விரோதி ஆகிவிட மாட்டீர்கள்.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. செர்னின் உறுப்பு நாடுகள் 2028 வாக்கில் முடிவெடுக்கலாம் என்கிறார்கள். அந்தச் செய்தி வரும்போது தலைப்பில் "பிரபஞ்ச ரகசியம்" என்று இருந்தால் அதைத் தாண்டி இறங்கி, எந்த நாடு எவ்வளவு கொடுக்க ஒப்புக்கொண்டது என்ற பத்தியைத் தேடுங்கள்.